குழாய்க்குள் உப்பு... ரத்தக் குழாய்க்குள் கொழுப்பு!

போர் தண்ணீர் ஓடும் பழைய இரும்புக் குழாயை பிளம்பர் அறுத்துக் காட்டும்போது உள்ளே பார்த்திருக்கிறீர்களா? ஒரு அங்குலக் குழாயில் சுற்றிலும் உப்பு படிந்து, சுண்டுவிரல்கூட நுழையாது. 'மோட்டார் நல்லாத்தான் ஓடுது, தண்ணிதான் நூல் மாதிரி வருது' என்று நாம் புலம்புவோம். கோளாறு மோட்டாரில் இல்லை, குழாயில்!

நம் உடம்பிலும் இப்படித்தான். இதயம் ஒரு மோட்டார். ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அது தள்ளுகிறது. ஆனால் அந்த இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களின் உள்விட்டம் வெறும் 3, 4 மில்லிமீட்டர்தான்.

பாதியானால் பாதியா?

குழாய் பாதியாகக் குறுகினால் ஓட்டமும் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? இல்லை. பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய், ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். 1840-களில் வெளியான அவர் கணக்குப்படி, அழுத்தம் மாறாமல் குழாய் முழுவதும் விட்டம் பாதியானால், ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்!

நல்லவேளை, நம் ரத்தக் குழாயில் அடைப்பு முழு நீளத்துக்கும் வருவதில்லை. ஓரிடத்தில்தான் குறுகுகிறது. அதற்கு அப்பால் உள்ள நுண்குழாய்கள் விரிந்துகொடுத்து சமாளிக்கின்றன. அதனால்தான் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எதுவும் தெரிவதில்லை. மாடிப்படி ஏறும்போது இதயம் பல மடங்கு ரத்தம் கேட்கும். ஏற்கெனவே விரிந்துவிட்ட குழாய் இனி எங்கே விரிவது? நெஞ்சை இறுக்குகிறது. நின்றால் விட்டுவிடுகிறது. நாமோ 'வாய்வு' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

சீராக ஓடும் ரத்தம் சத்தம் போடாது. ஆற்றில் பாறை இருக்கும் இடத்தில்தானே சலசலப்பு? பி.பி. பார்க்கும்போது கையில் பட்டையைக் கட்டி இறுக்குவது ரத்தக் குழாயைக் கொஞ்ச நேரம் நசுக்கத்தான். காற்றை மெல்ல விடும்போது, குறுகிய வழியில் ரத்தம் பீய்ச்சியடிக்கும் 'டக் டக்' ஓசை கேட்கும். குழாய் முழுதாகத் திறந்ததும் ஓசை அடங்கிவிடும். இதை 1905-ல் சொன்னவர் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்காஃப். கழுத்துக் குழாயில் அடைப்பு இருந்தாலும் சில சமயம் ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சல் கேட்கும்.

படிவு எங்கே வருகிறது தெரியுமா? பெரும்பாலும் குழாய் கிளை பிரியும் இடத்திலும் வளைவிலும்தான். அங்கே சுவரோரம் ஓட்டம் மந்தப்பட்டுச் சுழல்கிறது. புகை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு நான்கும் அந்த இடத்துச் சுவரைத்தான் முதலில் கெடுக்கின்றன.

கழுவினால் போகுமா?

என்னிடம் வந்த 52 வயது ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "சும்மா வாய்வுதான் டாக்டர். ஒரு மாசமா பூண்டுச் சாறு, இஞ்சிச் சாறு, எலுமிச்சை, தேன் கலந்து குடிக்கிறேன். அடைப்பு கரைஞ்சுடும்னாங்க. பி.பி. மாத்திரையையும் விட்டுட்டேன்." பக்கத்தில் மனைவி கண் கலங்கி நின்றார். "படி ஏறினா நெஞ்சைப் பிடிச்சுக்கிறாருங்க."

நான் கஷாயம் எழுதவில்லை. அன்றைக்கே இதய மருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு குழாய்களில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார்.

ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள். தண்ணீர்க் குழாயில் உப்பு மேலே ஒட்டிக்கொள்கிறது, சுரண்டலாம். ரத்தக் குழாயில் கொழுப்பு சுவருக்கு உள்ளே, மெல்லிய தோலுக்கு அடியில் சேர்கிறது. குடிக்கிற சாறு அதைக் கழுவிவிடாது. பூண்டும் இஞ்சியும் சமையலுக்கு நல்லவை. அடைப்பை நீக்கும் மருந்து அல்ல.

'எனக்கு 40 சதவீதம்தானே' என்று அலட்சியமும் வேண்டாம். சின்னப் படிவின் மேல்தோல் வெடித்தாலும் அங்கே ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் மூடிக்கொள்ளலாம். பல மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன.

இன்னொன்றையும் சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். நாடி பிடித்து 'இத்தனை சதவீதம் அடைப்பு' என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது!

நீங்கள் செய்ய வேண்டியது

* நடந்தால் வந்து, நின்றால் போகும் நெஞ்சு இறுக்கத்தை வாய்வு என்று விடாதீர்கள். உடனே இதய மருத்துவரைப் பாருங்கள்.

* ஓய்விலும் வலி நீடித்தால், வியர்வை, மூச்சுத்திணறல், இடது கை அல்லது தாடை வலி சேர்ந்தால், சுக்குக் கஷாயம் போட்டு நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி இல்லாமல், வெறும் அசதியாகவும் வரலாம்.

* பி.பி., சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த மருந்து சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு டாக்டர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

* புகையை இன்றே விடுங்கள். ஊறுகாய், அப்பளம், பொரித்த பலகாரத்தைக் குறையுங்கள். டாக்டர் சம்மதித்தால் தினம் அரை மணி நேரம் நடங்கள்.

வீட்டுக் குழாய் அடைத்தால் புதுக்குழாய் மாற்றலாம். உடம்புக் குழாயை, இருக்கும்போதே காப்பாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்!