மாதவிடாய் நிற்கும் காலம்

மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. அதற்கு மூன்று படிகள் உண்டு.

முதற்படி: பெரும்பாலும் 40 வயதைக் கடந்தபின் தொடங்கும். சூலகம் சுரக்கும் ஓமோன் ஏறி இறங்குவதால் மாதவிடாய் முந்தியும் பிந்தியும் வரும். உடல் திடீரெனக் கொதித்து வியர்க்கும், நித்திரை குழம்பும், சினம் வரும். இக்காலத்திலும் கருத்தரிக்கலாம்.

இரண்டாம் படி: தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டது எனலாம். பெரும்பாலோருக்கு இது 45க்கும் 55க்கும் இடையில் நிகழும்.

மூன்றாம் படி: அதன் பின்வரும் காலம். இப்போது சிறிது இரத்தம் கண்டாலும், “திரும்பவும் வந்துவிட்டது” என்று இருந்துவிடாதீர்கள். வெட்கத்தை விட்டு உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். அது கருப்பைப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். முந்திக் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

கணவன்மாரே, பிள்ளைகளே, அம்மாவின் சினத்தைக் குற்றமாக எண்ணாது, வீட்டு வேலையில் கைகொடுங்கள்.