வண்ணந் தீட்டிய மர இரைகளுக்குத் தெளிபூச்சு

மரத்திற் செதுக்கி வண்ணந் தீட்டிய தூண்டில் இரை, நீரினுள் கற்களில் மோதுகின்றது. மீனின் பல் அதன்மேற் படுகின்றது. வெயிலில் உலர்ந்து மீண்டும் நனைகின்றது. வண்ணத்தின் மீது இடப்படும் நிறமற்ற மேற்பூச்சே இவை யாவற்றையும் தாங்குதல் வேண்டும். அதில் மயிரிழை வெடிப்பு உண்டாயினும் மரம் நீரை உறிஞ்சிப் பருக்கும், வண்ணம் உரியும், எடை கூடுவதால் இரை நீந்தும் பாங்கும் கெடும்.

பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ரபாலா, 1936-இல் தக்கையிற் செதுக்கிய இரைக்குச் சாக்லேட் சுற்றிய பளபளப்புத் தாளைப் போர்த்தி, ஒளிப்பட நெகட்டிவ்களை உருக்கி மேற்பூச்சாக இட்டார். அக்கால நெகட்டிவ்கள் செல்லுலோஸ் சேர்மங்களாலானவை; தெளிவும் உறுதியும் உள்ள படலம் தரவல்லவை. எனினும் நைட்ரேட் வகைச் சுருள் கடுமையாகத் தீப்பற்றுமாதலின், இம்முறையை வகுப்பறையிற் செய்து காட்டலாகாது.

நமக்கு நெருங்கிய பொருள் அரக்கு. இதனை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகில் நாம்கும்மில் 1924-இல் ஒரு நிலையம் நிறுவப்பெற்றது. ஸ்பிரிட்டிற் கரைத்த அவலரக்கு விரைந்து உலர்ந்து நன்மெருகு தரும். ஆயினும் நீரில் நெடுநேரம் ஊறின் வெண்மை படரும். ஆதலின் மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சாக மட்டும் அதனைக் கொள்க. அதுவும் மெழுகு நீக்கியதாக இருத்தல் வேண்டும். மெழுகின் மீது பிற பூச்சுகள் நன்கு பற்றா.

வார்னிஷ் என்பதற்கு மெருகெண்ணெய் என்னும் சொல் உண்டெனினும், கடைக்காரர் அறிந்த சொல்லையே இங்கு ஆள்கின்றோம். பாய்மரத் தண்டுகளுக்கென அமைந்த வார்னிஷ், மரத்துடன் வளைந்து கொடுப்பது. மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை இடுதல் வேண்டும். சற்று மஞ்சள் நிறம் ஏறும்.

இன்று பெரிதும் விரும்பப்படுவது எப்பாக்சி. இது கரைப்பான் ஆவியாவதால் உலர்வதன்று. பிசினும் இறுக்கியும் இரசாயன முறையிற் கூடி இறுகுவது. எனவே புட்டியிற் குறித்த விகிதம் பிசகலாகாது. இறுக்கியை மிகுதியாகச் சேர்த்தால் விரைவில் இறுகும் என எண்ணுவது தவறு. பூச்சு பிசுபிசுப்பாகவே நிற்கும். பூசிய இரையை, பிசின் கெட்டியாகும் வரை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் வழிந்து திரளாது. மழைக்காலத்தில் சிலவகை இறுக்கிகள் காற்றின் ஈரத்தை ஏற்று மேற்பரப்பில் மெழுகு போன்ற படலம் உண்டாக்கும். அடுத்த பூச்சுக்கு முன் அதனை நீரால் கழுவி உலர்த்துக. நெடுநாள் வெயில் பட்டால் எப்பாக்சியும் மஞ்சளிக்கும். இறுக்கி தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது. மாணவர் கையுறையின்றித் தொடுவதை ஆசிரியர் அனுமதித்தலாகாது.

எப்பூச்சாயினும் நீர் முதலில் நுழைவது பெரும்பாலும் முள் மாட்டும் திருகு வளையத்தின் துளை வழியே. துளையைப் பூச்சுக்கு முன்னரே இட்டு, உட்புறமும் பூசி, வளையத்தை ஒரு துளி எப்பாக்சியுடன் செருகுக.

பூச்சின் தரமறிய எளிய சோதனை உண்டு. இரையை நுண்தராசில் நிறுத்து, 24 மணி நேரம் நீரில் அமிழ்த்தி, துடைத்து மீண்டும் நிறுக்க. எடை கூடியிருப்பின் நீர் உட்புகுந்தது என்பது தெளிவு. பல பூச்சுகளை ஒரே மரத்துண்டங்களில் இட்டு ஒப்பிட்டால் மாணவர் ஆர்வத்துடன் கற்பர்.

மென்பிளாஸ்டிக் புழு இரைகளை இவற்றுடன் ஒரே பெட்டியில் வைத்தல் கூடாது. அவற்றிலுள்ள இளக்கிப்பொருள் கசிந்து, நன்கு உலர்ந்த வண்ணத்தையும் பூச்சையும் பசையாக்கிவிடும்.