மூலிகை மணக்கும் குளிர்த்தேநீர்

நண்பகல் வெயிலில் பள்ளியிலிருந்து வெளியே வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது குளிர்பான ஆசைதான். காப்பிக் கடைக்குச் சென்று ‘தே ஓ பெங்’ என்று கேட்டால், பாலில்லாத தேநீரில் சீனியும் பனிக்கட்டியும் கலந்து கொடுப்பார்கள். சீனி வேண்டாம் என்றால் ‘கோசோங்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் சீனி தானாகவே வந்துவிடும்.

சூடான தேநீரைவிடக் குளிர்ந்த தேநீருக்குச் சீனி அதிகம் தேவைப்படுவது ஏன்? காரணம் நம் நாக்குதான். குளிர்ச்சியான உணவில் உள்ள இனிப்பை நாக்கு குறைவாகவே உணர்கிறது. கிண்ணத்தில் உருகிப்போன ஐஸ்கிரீமை ருசித்துப் பாருங்கள். உறைந்திருந்தபோது அளவாக இருந்த இனிப்பு இப்போது திகட்டும். அதில் சீனி கூடவில்லை, குளிர்ச்சிதான் குறைந்திருக்கிறது. தேநீருக்கும் இது பொருந்தும். அதோடு, பனிக்கட்டி உருக உருகத் தேநீர் நீர்த்துப்போகும் என்பதால் இன்னும் சற்றுச் சீனி சேர்க்கிறார்கள். குடிப்பவருக்கோ அது தெரிவதில்லை.

இந்தச் சீனியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் முயற்சிகளில் ஒன்றுதான் ‘நியூட்ரி-கிரேட்’ தரக்குறியீடு. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல், போத்தலிலும் டின்னிலும் விற்கப்படும் பானங்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது. சீனி, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டு பானங்கள் ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் பிரிக்கப்படுகின்றன. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அந்தப் பானம் ‘டி’ தரத்தைப் பெறும். அத்தகைய பானத்தை 300 மில்லிலிட்டர் குடிப்பவரின் உடலில் 30 கிராமுக்கு மேல் சீனி சேர்கிறது. ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று கணக்கிட்டால் அது ஆறு தேக்கரண்டிக்கும் மேல்! நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் சீனியைக் குறைத்துக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. ஒரே பானத்தில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறோம்.

அதற்காகக் குளிர்த்தேநீரையே விட்டுவிடத் தேவையில்லை. வீட்டில் தயாரித்தால் சீனியின் அளவு நம் கையில் இருக்கும். இனிப்பைக் குறைத்தால் பானம் சப்பென்று ஆகிவிடுமே என்று நினைக்கலாம். மூலிகைகள் உதவுவது இங்கேதான். நாம் ‘சுவை’ என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் மணமே. மூக்கைப் பிடித்துக்கொண்டு எதையாவது சாப்பிட்டால் இது விளங்கும்.

எலுமிச்சைப்புல்லை இங்குப் பலரும் ‘செராய்’ என்றே அழைக்கிறார்கள். அதன் மணம் தண்டுக்குள் அடைபட்டிருப்பதால், கத்திப் பிடியாலோ உலக்கையாலோ நசுக்கிய பிறகே கொதிக்கவிட வேண்டும். பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுச் சேர்க்கலாம். பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் வேதிப்பொருளே பாண்டானிலும் இருக்கிறது. குவே, கஞ்சி போன்ற இனிப்புகளில் அந்த மணத்தை நுகர்ந்து பழகிய நமக்கு, சீனி குறைவாக இருந்தாலும் இனிப்புக் குடிப்பது போலவே தோன்றக்கூடும். புதினா வேறு வகை. அதன் மணம் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டினாலே போதும். கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். 700 மில்லிலிட்டர் நீரில் நசுக்கிய செராய்த் தண்டு இரண்டு, பாண்டான் இலை இரண்டு, சிறு துண்டு இஞ்சி ஆகியவற்றைச் சேர்த்து, மெல்லிய தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்ததும் தேயிலைப் பைகள் நான்கை இடுங்கள். நான்கு நிமிடங்களில் அவற்றை எடுத்துவிட வேண்டும். பனிக்கட்டி சேர்ப்பதால் தேநீர் திடமாக இருக்க வேண்டும் என்று பலர் பைகளை நெடுநேரம் ஊறவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் துவர்ப்பும் கசப்பும்தான் கூடும். பிறகு அதை மறைக்கவும் சீனியே தேவைப்படும்! திடம் வேண்டுமானால் ஒரு பையைக் கூடுதலாகப் போடுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

குளிர்ந்த நீரில் சீனி எளிதில் கரையாது. ஆகவே, சூடாக இருக்கும்போதே நான்கு தேக்கரண்டி சீனியைக் கரைத்து, புதினா இலைகளையும் போட்டு மூடி வையுங்கள். ஆறியதும் வடிகட்டி, பனிக்கட்டி சேர்த்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் பானம் கிடைக்கும். 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம் சீனி. பழகிய பிறகு இரண்டு தேக்கரண்டியே போதும் என்று தோன்றலாம். கடைசியில் சில துளி எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். தேநீரின் நிறம் உடனே வெளுப்பதைக் காண்பீர்கள். அமிலம் பட்டதும் தேயிலையின் நிறப்பொருள்கள் மாறுவதே அதற்குக் காரணம்.

சூடான தேநீரைச் சட்டென்று குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அது கலங்கக்கூடும். தேயிலையிலுள்ள காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றுசேர்வதால் ஏற்படும் கலங்கல் அது. கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. முதலில் ஆறவிடுங்கள். ஆனால், இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியே வைக்காதீர்கள். மூடி வைத்த தேநீரை இரண்டு நாளுக்குள் குடித்து முடித்துவிடுவது நல்லது.

மூலிகை சேர்ந்துவிட்டது என்பதற்காக இதை மருந்து என்று எண்ண வேண்டாம், இது தேநீர்தான். காஃபீன் இருப்பதால் இரவில் குடித்தால் தூக்கம் கெடலாம். உணவோடு சேர்த்துக் குடித்தால், கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேயிலை தடுக்கும். வளரும் வயதில் இரும்புச்சத்து மிகவும் தேவை என்பதால், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

சந்தையில் செராய் கட்டாகத்தான் கிடைக்கும். மீந்த தண்டுகளில் அடிப்பகுதி சிதையாத ஒன்றை நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தி, சன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் வெள்ளை வேர்கள் தலைகாட்டும்; பிறகு தொட்டியில் நடலாம். அதுவரை குவளை நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற மறக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அந்தச் சிறு குவளையே போதும்.