போல்ட்டா, வெல்டா?

அன்புள்ள தம்பிக்கு,

ரேஸுக்காக மாற்றியமைத்த உன் ஹோண்டா சிட்டி விடெக்கை முழுசாகக் கொடுப்பதா, பிரித்து விற்பதா என்று கேட்டிருந்தாய். முதலில் அதில் நீ போட்ட பணத்தை மறந்துவிடு. ஹெடர், காயில்ஓவர், பக்கெட் சீட் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருப்பாய். வாங்க வருகிறவர் ரசீதைப் பார்த்து விலை சொல்வதில்லை. குடும்பத்துக்குக் கார் தேடுகிறவர் தரையை ஒட்டி நிற்கும் வண்டியைக் கண்டதுமே நகர்ந்துவிடுவார். ரேஸ் பிரியருக்கோ உன் ரசனை பிடிக்க வேண்டும்.

அடுத்து, செய்த வேலையெல்லாம் போல்ட்டில் நிற்கிறதா, வெல்டில் நிற்கிறதா என்று பார். போல்ட் என்றால், கழற்றி வைத்த கம்பெனி சஸ்பென்ஷனும் சைலன்சரும் கையில் இருக்கிறதா? இருந்தால் அவற்றைத் திரும்ப மாட்டி வண்டியைத் தனியாக விற்றுவிடு. கழற்றிய சாமான்களைத் தனியாக விற்றுக்கொள். பெரும்பாலும் இதில்தான் காசு அதிகம், தலைவலி குறைவு. ரோல் கேஜை வெல்டு வைத்து, ஒயரிங்கையும் வெட்டியிருந்தால் அது இனி ரோட்டுக்குத் திரும்பாது. கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ரேஸ் ஓட்டுகிறவர்களிடம் முழுசாகக் கொடு. கேஜைப் பிரித்தால் வெறும் இரும்பு விலைதான்.

பாடி துருப்பிடித்தோ, அடிபட்டோ இருந்தால் மட்டும் பிரி. 106 குதிரைத்திறன் தரும் அந்த 1.5 லிட்டர் எஞ்சினைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் இறக்குவதற்கு முன்பே கம்ப்ரெஷன் பார்த்துக் குறித்துவை. ஓடும்போது வீடியோ எடு. தரையில் கிடக்கும் எஞ்சின் ஓடும் என்று நீ சத்தியம் செய்தாலும் விலை பாதிதான். நல்ல சாமான் சீக்கிரம் போய்விடும். கதவும் டேஷ்போர்டும் மாதக்கணக்கில் இடத்தை அடைக்கும். அந்த இடத்துக்கு வாடகை, கடைசியில் மிஞ்சும் கூட்டைக் காயலான் கடைக்கு இழுத்துப் போகும் செலவு, உன் கூலி மூன்றையும் கழித்துவிட்டு லாபம் பார்.

காகிதத்தில் அலட்சியம் வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த அளவை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. எஞ்சின் மாற்றியிருந்தால் அதன் நம்பர் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். முழுசாக விற்றால் படிவம் 29, 30 கொடுத்து, பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே விஷயத்தை விடு. ஆர்.சி.யில் உன் பெயர் இருக்கும்வரை விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு உன் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும். பிரித்துவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய். உன் சேஸ் நம்பர் வேறொரு திருட்டு வண்டியில் ஏறிவிடக் கூடாது.

ஒன்று மட்டும் செய்யாதே: வீலையும் சீட்டையும் விற்றுவிட்டு, "மீதியை முழுசாகத் தருகிறேன்" என்று ஆள் தேடாதே. அப்போது அது முழு வண்டியும் இல்லை, உதிரியும் இல்லை. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்.

அன்புடன்,
உன் அண்ணன்