வீட்டைப் பூட்டுமுன் தபாலுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்!

ஊருக்குக் கிளம்பும்போது கேஸை மூடுவோம், மோட்டாரை நிறுத்துவோம், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்போம். போஸ்ட் ஆபீஸில் யாராவது சொல்லிட்டுப் போவோமா? நாங்கள் போகவில்லை.

போன வருஷம் கோவில்பட்டியில் எங்க ஆச்சி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. அப்பா, அம்மா, அண்ணன், நான் நாலு பேரும் வீட்டைப் பூட்டிட்டு ஓடினோம். திரும்ப 12 நாள் ஆச்சு. அந்த 12 நாளுக்குள்ளதான் அண்ணனோட பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வந்திருக்கு. போஸ்ட்மேன் அண்ணாச்சி வந்து வந்து பார்த்திருக்கார். கவரில் இருந்த போன் நம்பர் அண்ணனோட பழைய சிம். கடைசியில் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று குறிப்பு எழுதி மதுரைக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. அண்ணன் மதுரைக்கு அலைஞ்சு அதை வாங்குறதுக்குள்ள, துபாய் வெல்டிங் வேலைக்கு ஏஜென்ட் சொன்ன தேதி தாண்டிப்போச்சு. அந்த இடம் வேறொருத்தருக்குப் போயிடுச்சு. அன்னைக்கு அண்ணன் ராத்திரி சாப்பிடவே இல்லை.

“பக்கத்து வீட்டு அத்தைகிட்ட கொடுத்திருக்கலாம்ல?” என்று நான் அண்ணாச்சியிடம் சண்டைக்கே போனேன். பாஸ்போர்ட்டை உரியவரிடம், அடையாள அட்டையைப் பார்த்துத்தான் கொடுக்கணுமாம். “ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தா ஆபீஸ்லயே வச்சிருப்போமே, தம்பி” என்றார். அதற்குப் பிறகுதான் போஸ்ட் மாஸ்டர் அம்மாவிடம் போய் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபாலை ஆள் இல்லாவிட்டால் வழக்கமாக 7 நாள் அஞ்சலகத்தில் வைத்திருப்பார்கள். பிறகு அனுப்பியவருக்கே போய்விடும். (பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் இப்போது முக்கியமானதெல்லாம் பெரும்பாலும் ஸ்பீட் போஸ்டில்தான் வரும்.) அதற்கு மேல் தங்குவதாக இருந்தால் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்பதை அங்கேயே பேசிக்கொள்ளுங்கள்.

எந்த அஞ்சலகத்தில் கொடுப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது தபால்தலை விற்கிற ஆபீஸாக மட்டும் இருக்கலாம். நம் தெருவுக்குப் பட்டுவாடா செய்கிற ஆபீஸில்தான் கொடுக்க வேண்டும். பின்கோடின் கடைசி மூன்று எண்கள் அந்தப் பட்டுவாடா அஞ்சலகத்தைத்தான் குறிக்கும். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த முறை இது. சந்தேகம் என்றால் போஸ்ட்மேனையே கேட்டுவிடுங்கள்.

மாதிரிக் கடிதம் (அப்படியே காப்பி அடிக்கலாம், ஸார் திட்டமாட்டார்!):

பெறுநர்: அஞ்சலக அதிகாரி அவர்கள்.
ஐயா/அம்மா, நாங்கள் ___ தேதி முதல் ___ தேதி வரை வெளியூர் செல்கிறோம். கீழே கையெழுத்திட்டுள்ளவர்களின் பெயருக்கு வரும் தபால்களைத் திருப்பி அனுப்பாமல் தங்கள் அலுவலகத்திலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ___ அன்று நேரில் வந்து பெற்றுக்கொள்கிறோம்.

இதோடு முழு முகவரி, பின்கோடு, இப்போது பயன்படுத்துகிற போன் நம்பர், அடையாள அட்டை நகல். வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேரோ அத்தனை கையெழுத்தும் வேண்டும். அப்பா போட்டால் எல்லோருக்கும் சேர்த்தி என்று நினைக்காதீர்கள். இன்னொரு நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் போகிறவர்கள் புது முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லி எழுதலாம். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு ‘போஸ்ட் ரெஸ்தாந்த்’ என்று ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுச் சொல், தபாலிலேயே தங்கியிருப்பது என்று அர்த்தம். வீட்டு முகவரியே வேண்டாம், பேரும் அஞ்சலகமும் போதும். ஈமெயில் வருவதற்கு முன்னால் வெளிநாட்டுப் பயணிகள் இப்படித்தான் வீட்டுக் கடிதங்களை வாங்கினார்களாம்.

அண்ணன் நாலு மாசம் கழிச்சு வேற கம்பெனியில் வேலை கிடைச்சுப் போயிட்டான். இந்தப் பொங்கலுக்கு ஆச்சி வீட்டுக்குக் கிளம்பும் முன் கடிதத்தை நான்தான் எழுதினேன். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பி வந்து கேட்டால், அம்மாவின் ஏடிஎம் கார்டு எங்களுக்காக அங்கே காத்திருந்தது.