பழைய பிக்கப் வண்டி: வேலை பார்ப்பதா, மாற்றுவதா?



நம் மலையில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரிவது ஒரு பிக்கப் வண்டியால்தான். காப்பி, மிளகு, ஆரஞ்சு, பலா சேலத்துக்கு இறங்குவதும், அரிசி, சிமெண்ட், மளிகை மேலே ஏறுவதும் குட்டி யானையிலும் தோஸ்திலும் பொலிரோவிலும்தான். வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானதும் ஒருநாள் ஒர்க் ஷாப்பில் பெரிய எஸ்டிமேட்டை நீட்டுவார்கள். வீட்டில் அன்று இரண்டு கட்சி. "இதைத் தலைமுழுகிவிடு" என்பார் ஒருவர். "இவ்வளவு செலவழித்தாயிற்று, இன்னும் கொஞ்சம் போடுவோம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே கோபத்திலோ ஆசையிலோ வரும் பேச்சு. இந்த முடிவை எந்த வரிசையில் யோசித்து எடுப்பது என்பதே இந்த இதழின் பாடம்.

முதல் கேள்வி: இறக்கத்தில் நம்பலாமா?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இந்த உயரத்தை முப்பது கிலோமீட்டருக்குள், 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். சமவெளியில் ஓடும் வண்டிக்கும் நம் வண்டிக்கும் இதுதான் வித்தியாசம். லோடுடன் இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பனியும் மழையும் நிறைந்த நம் ஊரில் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங் பட்டை, சேசிஸ். முதல் மூன்றுக்கும் புதிய பாகம் போட்டுச் சரிசெய்யலாம். சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அல்லது பலமுறை வெல்டிங் கண்டிருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டிக்குப் பெரிய பணம் போட வேண்டாம். இதில் மட்டும் கணக்குப் பார்க்க இடமில்லை. ஓட்டுகிறவர் நம் வீட்டுப் பிள்ளை. எதிரே வருகிறவர் இன்னொரு வீட்டுப் பிள்ளை.

இரண்டாவது கேள்வி: காகிதம் எப்படி இருக்கிறது?

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கான கட்டணத்தை மத்திய அரசு 2021 அறிவிப்பில் பல மடங்கு உயர்த்தியது. அதற்குப் பிறகும் மாற்றங்கள் வந்துள்ளன. எனவே இன்றைய தொகையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கணக்கில் சேருங்கள். பத்து ஆண்டு ஆன டீசல் வண்டி ஓடக்கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது டெல்லி வட்டாரத்துக்காக வந்த உத்தரவு. நம் மலைக்கு உரியதல்ல. வேறு எஞ்சின் வாங்கி வைப்பதாக இருந்தால் அதன் எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது: எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரியுங்கள்

மெக்கானிக்கிடம் மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதில் உயிருக்கானது எது, ஓட்டத்துக்கானது எது, தோற்றத்துக்கானது எது என்று குறியுங்கள். பிரேக் லைனிங் முதல் வகை. கிளட்ச் பிளேட்டும் எஞ்சின் போர் வேலையும் இரண்டாம் வகை. பெயிண்டும் சீட் கவரும் மூன்றாம் வகை. எஞ்சின் வேலை என்றால் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். வண்டி சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் போவதைக் காட்டலாம். கறுப்புப் புகைக்குக் காற்று வடிகட்டியின் அடைப்பு போன்ற சிறிய காரணமும் இருக்கலாம்.

நான்காவது: மாதக் கணக்கு

ஏற்கெனவே போட்ட பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வண்டியை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது திரும்பாது. இனி ஆகப்போகும் செலவுதான் கணக்கு. புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு:

பழைய வண்டி இன்று 1,20,000 ரூபாய்க்குப் போகும். 96,000 ரூபாய்க்கு வேலை பார்த்தால் இரண்டு ஆண்டு ஓடி, பிறகு 72,000 ரூபாய்க்குப் போகும் என்று வைப்போம். வேலைச் செலவும் விலைக் குறைவும் சேர்ந்து 1,44,000. மாதத்துக்கு 6,000. சில்லறை வேலை 3,000. மாதம் இரண்டு நாள் ஓடாமல் நிற்பதால் போகும் வருமானம் 3,000. மொத்தம் மாதம் 12,000.

வேறொரு வண்டியை 4,80,000 ரூபாய்க்கு வாங்கி, ஐந்து ஆண்டு ஓட்டி, 1,80,000 ரூபாய்க்கு விற்றால் தேய்மானம் மாதம் 5,000. சில்லறை வேலை 2,000, கூடுதல் இன்சூரன்சும் வரியும் 1,000, அரை நாள் நின்றால் 750. மொத்தம் 8,750. மாற்றுவதே லாபம் என்று தோன்றும்.

ஆனால் பழையதை விற்றதுபோக 3,60,000 ரூபாய் கையில் வேண்டும். அதை ஆண்டுக்கு 10 சதவீத நிலையான வட்டிக்கு மூன்று ஆண்டுத் தவணையில் வாங்கினால், வட்டி மட்டும் 1,08,000. தவணை மாதம் 13,000. காப்பிப் பறிப்பு நடக்கும் மாதங்களில் கட்டிவிடலாம். லோடு குறைந்த மாதத்தில் எப்படி? வட்டி மார்க்கத்தில் ஹராம் என்பது நாம் அறிந்ததே. தவணை தவறி வண்டியைப் பிடித்துக்கொண்டு போனால் குடும்பமே நின்றுவிடும் என்பதை இந்தக் கணக்கும் சொல்கிறது.

இப்படிப்பட்ட நிலையில் நடுவழி ஒன்று உண்டு. சேசிஸ் நன்றாக இருந்தால், உயிருக்கான வேலையை முழுதாகவும் ஓட்டத்துக்கான வேலையில் அவசியமானதை மட்டும் பார்த்துவிட்டு, தோற்றத்தை விட்டுவிடுங்கள். அதில் மிஞ்சும் பணத்தையும் பறிப்பு மாத வருமானத்தில் ஒரு பங்கையும் "வண்டிப் பணம்" என்று தனியே வையுங்கள். வட்டியில்லாக் கைமாற்று உறவில் கிடைத்தால் எழுத்தில் வைத்து வாங்குங்கள். சேசிஸ் போயிருந்தால் நடுவழி கிடையாது. வேறு வண்டி அமையும்வரை லோடுக்கு வாடகை வண்டி பிடிப்பதே மேல்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் சென்சார்களும் புகை சுத்திகரிப்பு அமைப்பும் அதிகம். பழுது வந்தால் ஸ்கேனர் உள்ள ஒர்க் ஷாப் வேண்டும். அதற்குச் சேலம் இறங்க நேரலாம். அந்தச் செலவையும் விசாரியுங்கள். ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று ஆர்.சி.யில் பாருங்கள்.

பழைய வண்டியை விற்றால் அதன் குறையை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து வாங்கிய காசில் பரக்கத் இல்லை. விற்ற 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, பெயர் மாறும்வரை பின்தொடருங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஓட முடியாத வண்டியைப் பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணம் இல்லை.

இந்த முடிவை ஆண்கள் மட்டும் டீக்கடையில் எடுக்க வேண்டாம். வீட்டின் வரவு செலவு பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பறிப்பு தொடங்கும் நவம்பருக்கு முன்பே, எஸ்டிமேட்டையும் ஆர்.சி.யையும் நடுவில் வைத்து, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து மஷ்வரா செய்யுங்கள். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத்தையும் நம் பயணங்களில் பாதுகாப்பையும் தருவானாக. ஆமீன்.