மூன்று கோடை தாண்டினால்தான் மரம்

நகரி மலையின் மூக்கைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். கடலில் வரும் மாலுமிகள்கூட அந்தக் காலத்தில் இந்த மலை முனையைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்களாம். முப்பது வருடம் தறி ஓட்டினேன். கண் மங்கியபிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒன்றரை சென்ட்டில் நாற்றங்கால் போட்டேன். போன ஆடியில் கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேர் வந்தார்கள். "தாத்தா, பூமி சூடாகுது. நாங்க ஆயிரம் மரம் நடப்போறோம், கன்று குடுங்க" என்றார்கள். அன்று திண்ணையில் உட்கார்ந்து அவர்களிடம் பேசியதையே எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். எழுதியிருக்கிறேன்.

1. நடுவதற்கு முன்னால், நிற்கிற மரத்தைக் காப்பாற்றுங்கள்.

மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக் கரியைத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிதான். அப்படியானால் ஒரு நூறு வயதுப் புளியமரத்துக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கும், உங்கள் கையில் இருக்கும் முழ நீளக் கன்றுக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னை – திருப்பதி சாலையில் திருத்தணியிலிருந்து புத்தூர் வரை நான் சைக்கிளில் போன காலத்தில் வெயில் தலையில் படாத இடங்கள் உண்டு. சாலை அகலமானது, புளியமரங்கள் போயின. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அந்தப் பத்தும் பிழைத்து அந்தப் புளியின் இடத்துக்கு வர உங்கள் பேரன் காலம் ஆகும். வெட்டிய மரமோ அடுப்பில் எரிந்த அன்றே சேர்த்துவைத்ததையெல்லாம் காற்றில் விட்டுவிடும். உங்கள் தெருவில் எந்தெந்த மரம் நிற்கிறது, யார் எதை வெட்டப் பார்க்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கடப்பாரையை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.

2. மரம் எவ்வளவு செய்யும் என்று கணக்குத் தெரிந்து நடுங்கள்.

காய்ந்த எடை ஒரு டன் வருகிற நல்ல மரத்தில் 500 கிலோ கரி இருக்கும். அது காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயு சுமார் 1,800 கிலோ. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரை கிலோவுக்கு மேல் அதே வாயு வெளியேறுகிறது. அப்படியென்றால் ஒரு மரம் பல வருடம் பாடுபட்டுச் சேர்த்தது ஏறக்குறைய 700 லிட்டர் டீசலுக்குச் சமம். இங்கிருந்து ஒரு லாரி மும்பைக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய அவ்வளவு ஆகிவிடும். ஆலைகளும் என்ஜின்களும் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அதைப் புளியும் புங்கமும் மட்டும் இறக்கிவிட முடியாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பது குறைந்தாக வேண்டும். இதைச் சொன்னதும் ஒரு பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அப்ப எதுக்குத் தாத்தா நடணும்?" என்றாள். நிழலுக்காக, நிலத்தடி நீருக்காக, மண் அடித்துப் போகாமல் இருப்பதற்காக, அந்தக் கரிக்காகவும்தான். எல்லாம் சேர்த்துத்தான் நடுகிறோம். ஆனால் கன்று நட்டுவிட்டோம், இனி எதை எரித்தாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

3. ஜூன் 5 அன்று இங்கே நடாதீர்கள்.

உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று 1972-இல் ஐ.நா. சபை அறிவித்த நாள் அது. நல்ல நாள்தான், நம் மண்ணுக்குத்தான் பொருந்தாது. கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கால் வைத்தால் சுடும். 1950-இல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோத்சவம் என்ற மரம் நடும் விழா ஜூலை முதல் வாரம் வருகிறது. அதுகூட நமக்குக் கொஞ்சம் அவசரம். நம் பக்கம் தென்மேற்கு மழையும் கிடைக்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையும் கிடைக்கிறது. ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ, இரண்டு நல்ல மழை விழுந்து மண் ஒரு முழம் நனைந்தபின் நட்டால், கன்றுக்கு மார்கழி வரை வேர் விட நேரம் இருக்கும். நான் முதல் வருடம் வைகாசியில் நூறு கன்று நட்டேன். போட்டோ எடுத்தார்கள், மாலை போட்டார்கள். அடுத்த வைகாசியில் எண்ணினேன்: பதினொன்று. அந்த எண்பத்தொன்பதும் என் அவசரத்தால் செத்தவை. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் மனசு கனக்கும்.

4. விதையை நீங்களே பொறுக்குங்கள். வேப்பங்கொட்டை ஆனி ஆடியில் விழும். சில வாரத்தில் முளைப்புத்திறன் போய்விடும், உடனே பையில் போட வேண்டும். புங்கங்கொட்டை அவ்வளவு அவசரப்படுத்தாது. பனங்கொட்டைக்குப் பையே வேண்டாம், ஈர மண்ணில் நேராகப் புதைத்தால் போதும்.

5. குழி, பை, தண்ணீர்.

குழியை நடுவதற்கு ஒரு மாதம் முன்பே வெட்டி வெயிலில் ஆறப் போடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, கல் மண்ணென்றால் இரண்டடி. மேல் மண்ணைத் தனியாகக் குவித்து, மக்கிய தொழுவுரம் கலந்து அதையே உள்ளே போட வேண்டும். பச்சைச் சாணி போட்டால் சூடேறிக் கறையான் வரும்.

பாலித்தீன் பையை முழுக்கக் கிழித்து எடுங்கள். அடியை மட்டும் கீறிவிட்டு அப்படியே வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பைக்குள் வேர் பாம்பு மாதிரிச் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைப் பிளேடால் வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் ஏழெட்டு வருடம் நன்றாக வளர்ந்து, ஒரு புயல் காற்றில் அடியோடு சாயும்.

சரிவான இடமென்றால் கன்றின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி ஒரு வரப்புப் போடுங்கள். ஓடுகிற மழைத்தண்ணீர் அங்கே நின்று இறங்கும். சுற்றிலும் சருகு மூடாக்கு நாலு விரல் கனம் போடலாம், தண்டைத் தொடக்கூடாது.

இனி நம் ஊருக்குப் பொருத்தமான ஒரு வழி. மண்பானையின் அடியில் சின்னத் துளை போட்டு, பருத்தி நூலைத் திரியாக முறுக்கிச் செருகி, கன்றுக்குப் பக்கத்தில் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவையுங்கள். நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும், வெயிலில் வீணாகாது. நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் தறி இல்லாத தெரு இல்லை. கழிவு நூலுக்குப் பஞ்சமா? விசைத்தறிக்காரர்களிடம் கேளுங்கள், மூட்டையாகவே கொடுப்பார்கள். பருத்தியாகப் பார்த்து எடுங்கள், பாலியெஸ்டர் நீரைச் சரியாக இழுக்காது.

6. வெள்ளாட்டுக்கு எதிரே எந்த உறுதிமொழியும் நிற்காது. அதை வளர்ப்பவரைத் திட்டாதீர்கள், அவருக்கு அது சோறு. நடுவதற்கு முன் ஆட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். எந்தப் பக்கம் மேய்ச்சல், எந்தப் பக்கம் கன்று என்று அவரே பிரித்துச் சொல்லட்டும். அப்புறம் சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிக் கட்டுங்கள். அந்த மரத்தால் நமக்கு ஆகும் நல்ல காரியம் அது ஒன்றுதான்.

7. இடத்தைப் பார்த்து மரம்.

ஆற்றோரத்துக்கு நீர்மருது, நாவல், புங்கம். ஏரிக்கரையின் உச்சியில் பெரிய மரம் கூடாது. அது செத்து வேர் மக்கினால் அந்தத் துவாரம் வழியே ஏரி கசியும். கரையின் வெளிச்சரிவில் பனை வையுங்கள். தறிக்கொட்டகையின் மேற்குப் பக்கம் வேம்பும் புங்கமும். சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வேலை செய்தவனுக்குத்தான் அந்த நிழலின் அருமை தெரியும். பகல் இரண்டு மணிக்கு நூல் அறுவது ஒரு பக்கம், மயங்கி விழும் ஆள் ஒரு பக்கம். வெயில் கூடிக்கொண்டே போகிற இந்தக் காலத்தில், தொழிலாளி நிற்கும் இடத்துக்கு முதல் மரம் என்பது என் தீர்மானமான கருத்து. பூங்காவுக்கு அப்புறம் பார்க்கலாம்.

மலைக்குப் போகும்போது கடப்பாரையைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள். வெட்டுப்பட்ட உசிலையும் வெக்காலியும் வேர்க்கட்டையாக மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கும். மேய்ச்சலையும் தீயையும் நாலைந்து வருடம் நிறுத்தினால் தானே துளிர்க்கும். பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி ஒரு பெரிய ஆலமரத்தைப் பார்த்துத் தன் பள்ளிக்கு இடம் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்படும் ரிஷி வேலி பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் மொட்டைக் குன்றும் வறண்ட வயலும்தான். மரம் வெட்டுவதையும் மேய்ச்சலையும் கட்டுப்படுத்தி, மழைநீரைத் தடுத்து, பல பத்தாண்டுகள் பொறுமையாகக் கன்றும் வைத்தார்கள். 1991-இல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

புல்லும் புதரும் இயல்பாக இருக்கும் இடத்தை 'காலி இடம்' என்று நினைக்கும் தவறு பெரிய படிப்பாளிகளுக்கும் வரும். 2019-இல் சூரிச் நகர ஆய்வாளர்கள் உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்க இடமிருக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். புல்வெளியையும் மரக்காட்டுக்கான இடமாக எண்ணிவிட்டீர்கள் என்று பல விஞ்ஞானிகள் மறுத்து எழுதினார்கள். புல் தன் கரியை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. குழி தோண்டினால் அதுவும் போகும்.

நம் மலையில் நிற்கும் மரம் நமக்கு மட்டும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குசஸ்தலை ஆறு இந்தப் பக்கத்து மலைகளின் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு பூண்டி ஏரிக்குப் போகிறது. அதைச் சென்னை குடிக்கிறது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம், நகரி ஆந்திரப் பக்கம் என்று மாநில எல்லைக் கோடு போட்டார்கள். ஆற்றுக்கு அந்தக் கோடு தெரியாது. இங்கே மலை மொட்டையானால் அம்மப்பள்ளி அணையில் மண் சேரும், கனமழையில் பள்ளிப்பட்டு ஊர்களில் வெள்ளம் ஏறும்.

8. செம்மரம் நட ஆசைப்படுகிறவர்களுக்கு.

உலகத்தில் அது இயல்பாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் நம் தென்பகுதியில்தான். நம் மரம், நடலாம். ஆனால் பத்து வருடத்தில் கோடி என்று விளம்பரம் செய்பவரை நம்பாதீர்கள். வைரம் பாய இருபத்தைந்து, முப்பது வருடம் எடுக்கும், வெட்ட அரசு அனுமதியும் வேண்டும். இந்த மரத்தைக் கடத்த வந்தவர்கள் என்று சொல்லி 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் இருபது பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழைக் கூலிகள். லாபம் பார்த்தவர்கள் அந்தக் காட்டுக்குள் வரவே இல்லை. செம்மரக் கன்று கையில் வாங்கும் ஒவ்வொரு தடவையும் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. மாந்தோட்டமும் மரம்தான்.

நகரி, புத்தூர் பக்கம் காடு என்று சொல்லும்படிக் கண்ணுக்குத் தெரிகிற பச்சையில் பெரும்பங்கு மாமரம். கிளிமூக்கு மாங்காய், அதாவது தோத்தாபுரி, கூழ் ஆலைகளுக்குப் போகிறது. 2025-இல் விலை சரிந்தபோது பறிக்கிற கூலிகூடத் தேறவில்லை என்று எத்தனையோ விவசாயிகள் புலம்பினார்கள். அப்படி இரண்டு வருடம் வந்தால் தோப்பை வெட்டிப் பிளாட் போடத் தோன்றும். மரம் காக்க வேண்டும் என்றால் மாங்காய்க்கு நியாய விலை கேட்டு நிற்பவனோடு நீங்களும் போய் நிற்க வேண்டும். இதைச் சுற்றுச்சூழல் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

10. எண்ணிக்கையை மூன்றாவது கோடைக்குப் பிறகு சொல்லுங்கள்.

2016 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய ஐந்து கோடிக் கன்று நட்டார்கள். மறு வருடம் மத்தியப் பிரதேசத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறரைக் கோடிக்கு மேல். சாதனைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கர்நாடகத்து ஹுலிகல் கிராமத்தின் திம்மக்கா. குழந்தை இல்லாத அந்த அம்மாவும் கணவரும் முதல் வருடம் வைத்தது பத்து ஆலங்கன்று. அடுத்த வருடம் பதினைந்து, அதற்கடுத்து இருபது. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, முள் வேலி கட்டி, குதூர் போகும் சாலையில் 385 ஆலமரங்களை நிற்க வைத்தார்கள். 2019-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025 நவம்பரில் அந்த அம்மா போய்விட்டார், மரங்கள் நிற்கின்றன. பத்து என்று ஆரம்பித்ததால்தான் அவரால் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்ற முடிந்தது.

ஆயிரம் கேட்டு வந்த அந்த எட்டுப் பிள்ளைகளுக்கு நான் நாற்பது கன்று கொடுத்தேன். ஆளுக்கு ஐந்து. வருகிற சித்திரையிலும் அதற்கடுத்த இரண்டு சித்திரையிலும் வாரத்துக்கு இரண்டு குடம் நாங்கள் ஊற்றுகிறோம் என்று பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொடுத்தேன். நாற்றங்காலில் இன்னும் புங்கமும் நாவலும் நீர்மருதும் இருக்கின்றன. காசு வேண்டாம். கோடையில் குடத்தோடு வருவேன் என்று சொல்லக்கூடியவர்கள் புரட்டாசியில் வாருங்கள்.